வெங்காயம் இல்லாத பாடம்

பாரிஸ்
18.1.1999

அன்புள்ள வேண்டாவுக்கு,

தர்மராஜ் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, குளிர்தான் காதைக் கடிக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? பொங்கலுக்கு போன் போட்டேனே, அம்மா அழுததிலேயே பேச்சு தீர்ந்துபோயிற்று. உன் குரலில் ஒரே ஒரு 'ம்' மட்டும்தான் கேட்டேன். நமக்குக் கடிதம்தான் சரி.

நல்ல சேதி ஒன்று. முதலாளி என்னை நிரந்தர வேலைக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்றார். அந்தக் காகிதம் வந்துவிட்டால் உன்னை இங்கே அழைக்க மனு போடலாம். நிலையான வேலை இல்லாதவன் பெண்டாட்டியைக் கூப்பிட முடியாது என்பதால்தான் இத்தனை வருஷம் ஆயிற்று. எனவே நீ இன்றிலிருந்து பிரெஞ்சு படிக்க வேண்டும். வாத்தியார் நான்தான், சிரிக்காதே.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு சமையல்கட்டு பிரெஞ்சு. அதில் ஏழு வரி இருந்தால் போதும். ழெ வே, நான். தூ வா, நீ. இல் வா, அவன். எல் வா என்றால் அவள். நூ ஸாலோன், நாம். வூ ஸாலே, நீங்கள். இல் வோன், அவர்கள். இதற்குப் பின்னால் எந்த வேலையை வைத்தாலும் அதைச் செய்யப்போவதாக அர்த்தம். இதற்குக் கிட்டத்து எதிர்காலம் என்று பேர். தூரத்து எதிர்காலம் வேறே இருக்கிறதாம், அதை நான் படிக்கவில்லை, நமக்கு எதற்கு அது?

பாடம்: ழெ வே கூப்பே லெஸ் ஒன்யோன். வெங்காயம் நறுக்கப்போகிறேன். எங்கள் சாப்பாட்டுக் கடை வெங்காய சூப்புக்குப் பேர் போனது, காலையில் வந்ததும் மூட்டையைப் பிரிப்பதுதான் என் வேலை. தூ வா வெனீர். நீ வரப்போகிறாய்.

இதற்கு அடுத்த வரியை அம்மாவுக்குப் படிக்காதே. ழெ வே தாம்ப்ராஸே. அர்த்தம் அப்புறம் சொல்கிறேன்.

உன்
தர்மராஜ்


செங்கல்பட்டு
9.2.1999

அன்புள்ள மாமாவுக்கு,

வேண்டா எழுதிக்கொள்வது. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். காதை மூடுகிற மாதிரி ஒரு குல்லா வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக்கொண்டே வந்து, அந்த வரியில் நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்ட? அங்க இன்னா எழுதிக்கீறான்?"

"பாடம் அத்தை."

"பாடத்துக்கு இன்னாத்துக்கு சிரிச்சிகினு கீற?"

உலை வைக்கப் போய்விட்டேன். அர்த்தம் தெரியாமலே சிரித்தேன் என்றால் நம்புவாரா?

ஏழு வரியும் மனப்பாடம். வெங்காயம் நறுக்கும்போது ழெ வே கூப்பே, துணி துவைக்கும்போதும் அதேதான். எனக்கு ஒரு சந்தேகம். கிட்டத்து எதிர்காலம் என்கிறீர்களே, எவ்வளவு கிட்டம்? மதுராந்தகத்தில் இருக்கிற என் அம்மா வீடு மாதிரியா, பாரிஸ் மாதிரியா? இரண்டு வருஷத்தில் கூட்டிப்போகிறேன் என்று நீங்கள் ரயில் ஏறி மூன்றாவது வருஷம் நடக்கிறது.

இன்னொன்று. அத்தைக்கு ஒன்றுவிட்ட தங்கை ஞானம்பாள் அம்மா மாமல்லபுரத்தில், ஒத்தவாடைத் தெருவில் லாட்ஜ் வைத்திருக்கிறார் இல்லையா? பிரெஞ்சுக்காரர்கள் நிறைய வருகிறார்களாம். வரவேற்பில் உட்கார ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்கிறார். காலையில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். போகட்டுமா? அத்தைக்கு இஷ்டம்தான். 'வூட்ல சும்மா குந்திகினு என்னைப் பார்த்துகினு இருக்கறதுக்கு அது மேலு' என்றார்.

இப்படிக்கு
வேண்டா


பாரிஸ்
2.3.1999

அன்புள்ள வேண்டாவுக்கு,

குல்லா வாங்கிவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டால் தாமோதரனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என்னோடு அறையில் இருக்கிற காரைக்கால்காரன், நல்ல பிள்ளை. நீயும் அம்மாவும் வெயில் தொடங்கும் முன்பே உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாட்ஜுக்குத் தாராளமாகப் போ. இங்கே வருவதற்கு அது ஒத்திகை.

கிட்டம் என்றால் எவ்வளவு என்று கேட்டாய். கேட்டதும் எனக்கு உறைத்தது. எங்கள் சமையல்கட்டில் ஒருவன் 'நறுக்கப்போகிறேன்' என்று சொன்னால், அப்போதே கத்தி அவன் கையில் இருக்கும். கத்தியை எடுக்காமல் சொன்னால் பெரிய சமையல்காரர் கத்துவார். அவ்வளவு கிட்டம். நீ வருவதும் அப்படித்தான்.

பாடம்: நூ ஸாலோன் மான்ழே. நாம் சாப்பிடப்போகிறோம். ழெ வே லவே லெ ப்வாஸோன். மீன் கழுவப்போகிறேன். இல் வா க்ரியே. அவர், அதாவது பெரிய சமையல்காரர், கத்தப்போகிறார்.

இன்னொன்றும் யோசித்தேன். உன் பேரை இங்கே சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ரோஸ், மரீ என்பதுபோல அதுவும் ஒரு பேர், அவ்வளவுதான். தாமோதரனைத் தவிர வேறு யாருக்கும் அர்த்தம் தெரியாது.

உன்
தர்மராஜ்


மாமல்லபுரம்
4.5.1999

அன்புள்ள மாமாவுக்கு,

லாட்ஜ் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி இருவரும் சௌக்கியம். உங்களுக்கு அங்கே குளிர் விட்டதா?

முதலில் ஒரு சண்டை. நீங்கள் அர்த்தம் சொல்லாமல் விட்டதை இங்கே தங்கியிருந்த ஒரு பிரெஞ்சு அம்மாளிடம் கேட்டேன். ழெ வே தாம்ப்ராஸே என்றால் என்ன என்று. அவர் ஓஹோவென்று சிரித்து, என்னைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டார், கூடத்தில், எல்லார் முன்னாலும். இப்போது அர்த்தம் தெரிந்தது. ஞானம்பாள் அம்மா, "அடியே, யாருடி உனக்கு அத சொல்லிக் குடுத்தது?" என்று இன்னும் விடவில்லை. வாத்தியாரை என்ன செய்யலாம்?

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று. போன வாரம் வழிகாட்டி வரவில்லை. ஞானம்பாள் அம்மா, "நீயே இட்டுகினு போ, பாஷை தெரியும் இல்ல" என்று என்னை ஆறு பேரோடு ஐந்து ரதத்துக்கு அனுப்பிவிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் கற்றுக்கொடுத்த கிட்டத்து எதிர்காலம் மட்டும்தானே? லாட்ஜில் காதில் விழுந்த வார்த்தைகளை அதோடு சேர்த்து, பல்லவ ராஜா இந்தக் கோயிலைக் கட்டப்போகிறார் என்றேன். சிற்பிகள் யானை செதுக்கப்போகிறார்கள் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது ஒரு கிழவர், பாதியில் நிற்கிற ஒரு கல்லைத் தட்டிக் காட்டி, 'இந்தப் பெண் சொல்வது சரிதானே, இவர்கள் இன்னும் முடிக்கவில்லையே' என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

என் பேருக்கு அர்த்தம் கேட்டவர்களும் உண்டு. வரிசையாகப் பெண்ணே பிறந்ததால் இனிமேல் பெண் வேண்டாம் என்று சாமிக்குச் சொல்லி வைத்த பேர் என்று எப்படிச் சொல்வது? எனக்குப் பிறகு தம்பி தீனதயாளன் பிறந்தான், பேர் பலித்தது என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். நான்காவது பெண் என்று அர்த்தம் என்றேன். அதுவும் பொய் இல்லையே.

உங்கள்
வேண்டா


பாரிஸ்
11.6.1999

அன்புள்ள வேண்டாவுக்கு,

நான் சுகம். குல்லாவை மடித்து வைத்தாயிற்று, இங்கே வெயிலுக்கு ஜனங்கள் ஆற்றங்கரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். உன் கடிதத்தைத் தாமோதரனுக்குப் படித்துக் காட்டினேன், முத்தக் கதையை மட்டும் விட்டுவிட்டு.

காகிதம் முதலாளி மேஜைமேல் இருக்கிறது, கையெழுத்துதான் பாக்கி. ஆகஸ்டில் கடை மூடி எல்லாரும் லீவில் போவார்கள். திரும்பி வந்ததும் போடுகிறேன் என்றார். ஆக, தீபாவளிக்கு நீ இங்கே. பாஸ்போர்ட் வேலையைப் பார்.

பாடம்: தூ வா வெனீர் ஆன் ஆவியோன். நீ விமானத்தில் வரப்போகிறாய். ழெ வே கூப்பே லெஸ் ஒன்யோன், நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப்போகிறாய். உனக்குக் கண்ணில் தண்ணீர் வரப்போகிறது. எனக்கு வராது, எனக்குப் பழகிவிட்டது.

உன்
தர்மராஜ்


செங்கல்பட்டு
20.7.1999

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் நலம். அத்தைக்கு மட்டும் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதற்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர், "பேரே வேண்டாவா? அப்ப பாஸ்போர்ட்டும் வேணாமா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். இந்தப் பேரோடு வளர்ந்தவளுக்கு அதுவும் ஒரு பழக்கம்தான். அவர் போனபிறகு அத்தை சும்மா இருக்காமல், "அவனுக்கு இன்னாமே தெரியும்? என் புள்ளைக்கு நீதான் வேணும்னு நானே கேட்டுக் கட்டிகினு வந்தேன்" என்றார். இதை நான் எழுதினேன் என்று சொல்லிவிடாதீர்கள், வெட்கப்படுவார்.

அத்தை சோறு சாப்பிடாததற்குக் காரணம் அந்தப் பாஸ்போர்ட். கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நீயும் பூட்டா வூடு வெறிச்சினு பூடுமே" என்றார். உங்களிடம் வரவேண்டும் என்று தவிக்கிறேன். அதே நேரம், கொளவாய் ஏரிக் காற்று அடிக்கும்போது இந்தக் கிழவி தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்தால் கிளம்ப மனசு வரவில்லை. நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்.

லாட்ஜில் இப்போது பிரெஞ்சுக்காரர்கள் கூட்டம். இனி வழிகாட்டி வேண்டாம், அந்தப் பெண்ணையே அனுப்புங்கள் என்கிறார்களாம்.

உங்கள்
வேண்டா


பாரிஸ்
4.10.1999

அன்புள்ள வேண்டாவுக்கு,

நலம். உடனே பதில் போட முடியவில்லை, வேலை அதிகம். அம்மாவைச் சாப்பிடச் சொல்.

காகிதம் கொஞ்சம் தாமதமாகும் போலிருக்கிறது. தீபாவளிக்கு முடியாது. பொங்கலுக்குப் பார்க்கலாம். தூ வா வெனீர், அதில் சந்தேகம் வேண்டாம்.

பாடம்: ழெ வே மார்ஷே. நடக்கப்போகிறேன். ழெ வே அத்தாந்த்ர். காத்திருக்கப்போகிறேன். இல் வா ப்லவ்வார். மழை வரப்போகிறது.

இனிமேல் கடிதத்தைத் தாமோதரன் பேருக்குப் போடு, அறை மாறியிருக்கிறோம், புது விலாசம் கவருக்குப் பின்னால் இருக்கிறது.

தர்மராஜ்


செங்கல்பட்டு
1.11.1999

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது, ஏரி தளும்புகிறது. அத்தை சாப்பிடுகிறார். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்கு? சளி, காய்ச்சல் ஏதாவது உண்டா? கடிதம் சின்னதாக இருந்தது, அதனால் கேட்கிறேன். குல்லாவை எடுத்துப் போட்டுக்கொண்டீர்களா?

பாடத்தை மூன்று தடவை படித்தேன்.

உங்கள்
வேண்டா


பாரிஸ்
13.12.1999

அன்புள்ள வேண்டாவுக்கு,

காய்ச்சல் ஒன்றும் இல்லை. கவலைப்படாதே. பொங்கலுக்கு போன் போடுகிறேன்.

பாடம்: ழெ வே தோர்மீர். தூங்கப்போகிறேன். நூ ஸாலோன் ரகார்தே லெ ஃப்ளவ். நாம் ஆற்றைப் பார்க்கப்போகிறோம். இங்கே பெஞ்சில் உட்கார்ந்தால் ஆறு நன்றாகத் தெரியும். படகு போகும். தூ வா வெனீர்.

தர்மராஜ்


மாமல்லபுரம்
18.1.2000

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கலுக்கு போன் வரவில்லை. அத்தை புதுப் புடவை கட்டிக்கொண்டு கடைக்காரர் வீட்டு போன் பக்கத்தில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம், லைன் கிடைத்திருக்காது என்றேன். நீங்கள் உடம்போடு நன்றாக இருந்தால் போதும், வேறு எதற்கும் உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

மாமா, உங்கள் பாடத்தில் வெங்காயம் வந்து மாதக்கணக்கில் ஆகிறது. மீன் வரவில்லை. கத்துகிற பெரிய சமையல்காரர் வரவில்லை. நடக்கப்போகிறேன், காத்திருக்கப்போகிறேன், தூங்கப்போகிறேன், ஆற்றைப் பார்க்கப்போகிறேன். வேலை அதிகம் என்று எழுதுகிறவருக்குப் பெஞ்சில் உட்கார்ந்து படகு பார்க்க ஏது நேரம்? அக்டோபர் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்களே சொல்வீர்கள் என்று பொறுத்திருந்தேன். இனிமேல் முடியாது. அந்த வேலை போய்விட்டது, இல்லையா?

இன்னொன்று கேட்கிறேன், மனம் நோகக் கூடாது. கத்தி கையில் இருந்தால்தான் நறுக்கப்போகிறேன் என்று சொல்லலாம் என்று கற்றுக்கொடுத்தீர்களே. தூ வா வெனீர் என்று எழுதும்போது உங்கள் கையில் என்ன இருந்தது?

வெறுங்கை என்றால் வெறுங்கையோடே வாருங்கள். என்னைக் கூட்டிப்போக முடியாததற்காக வெட்கப்பட்டு அங்கேயே பனியில் உட்கார்ந்திருப்பீர்களா? பாரிஸ் பார்க்கவா நான் பிரெஞ்சு படித்தேன்? நீங்கள் இருக்கிற இடத்துக்கு வரத்தானே படித்தேன். எனக்கு நீங்கள் வேண்டும். வேண்டா என்று பேர் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள்.

ஊர் நாலு நாள் பேசும், ஐந்தாம் நாள் வேறு ஒருவன் அகப்படுவான். ஞானம்பாள் அம்மா மாடியில் சாப்பாட்டுக்கூடம் திறக்கப்போகிறார். வருகிறவர்களுக்குப் பிடித்ததைச் சமைக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். "வெங்காய சூப்பு போடத் தெரிஞ்சவன் நம்ம குடும்பத்துலயே கீறான், அவன் எதுக்கு அங்க குந்திகினு கீறான்?" என்று அவரே கேட்டார். நான் இதுவரை அவருக்குப் பதில் சொல்லவில்லை, உங்கள் பதில் வராமல் என்ன சொல்வது?

இந்தக் கடிதத்தை அத்தையிடம் காட்டவில்லை. திட்டி எழுதினாலும் சரி, எழுதுங்கள்.

உங்கள்
வேண்டா


பாரிஸ்
7.3.2000

என் வேண்டாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது, இது சத்தியம். குல்லா தலையில்தான் இருக்கிறது. நீ நன்றாக இருக்கிறாயா? இத்தனை நாள் உன்னைக் காக்க வைத்தேனே, உனக்குத் தூக்கம் வந்ததா?

உன் கடிதத்தைத் தாமோதரன் கொண்டுவந்து கொடுத்தான். என்ன இருக்கும் என்று தெரிந்ததால் பிரிக்கப் பயந்து கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் அதே பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். வெங்காயம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டிற்று. எனக்குப் பழகிவிட்டது என்று ஒரு காலத்தில் பீற்றிக்கொண்டேன், பார்.

லீவு முடிந்து போனால் கடை வாசலில் பலகை அடித்திருந்தது. முதலாளி விற்றுவிட்டுப் போய்விட்டார். காகிதமும் போயிற்று. வேறு வேலை இன்று கிடைக்கும், நாளை கிடைக்கும் என்று தெருத்தெருவாக நடந்தேன். பாடத்தில் நான் பொய் எழுதவில்லை, வேண்டா. அன்றன்றைக்குச் செய்யப்போவதைத்தான் எழுதினேன். ஒரே ஒரு வரிதான் பொய். அது நீ வரப்போகிறாய் என்பது. அதை எழுதாமல் கடிதத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உன்னிடம் சொல்லாமல் இருந்தது கோபத்தாலோ அலட்சியத்தாலோ இல்லை. உன் முகம் வாடுவதை அங்கே இல்லாமலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞானம்பாள் சித்தியிடம் சொல்லிவிடு. வருகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று, இதோ எழுதும்போது என் இடது கையின் கீழேதான் இருக்கிறது. இருபத்தெட்டாம் தேதி வந்து இறங்குகிறேன். விமான நிலையத்துக்கு வந்து அலையாதே. நானே பஸ் பிடித்து நேராக மாமல்லபுரத்துக்கு வருகிறேன், நீ உன் வேலையைப் பார்த்துக்கொண்டிரு. என் கத்தியையும் எடுத்து வருகிறேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஏற விடமாட்டார்களாம், பெட்டியில் போட்டிருக்கிறேன்.

கடைசிப் பாடம்.

ழெ வே. நான் வரப்போகிறேன்.

தூ வா. நீ தெருமுனையில் நிற்கப்போகிறாய், வேலையைப் பார் என்று சொன்னாலும் நீ கேட்க மாட்டாய்.

இல் வா. அவன், பஸ் கண்டக்டர், எறங்கு எறங்கு என்று என்னைத் தள்ளப்போகிறான்.

நூ ஸாலோன். நாம் வெங்காயம் நறுக்கப்போகிறோம். எவ்வளவு அழுதாலும் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வூ ஸாலே. நீயும் அம்மாவும் சேர்ந்து என்னைத் திட்டப்போகிறீர்கள்.

இல் வோன். ஊர்க்காரர்கள் பேசப்போகிறார்கள். நாலு நாள்.

எல் வா. அவள். இந்த வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அம்மா பேரன் வேண்டும் என்பாள். எனக்கு முதலில் அவள்தான் வேண்டும், உன் மூக்கோடு, உன் வாயாடித்தனத்தோடு. அவளுக்கு நீதான் பேர் வைக்கப்போகிறாய். யார் எந்தப் பாஷையில் அர்த்தம் கேட்டாலும் அவள் தலை நிமிர்ந்து சொல்லும்படி ஒரு பேரை இப்போதே யோசித்து வை.

இந்த வரியை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டு.

உன்
தர்மராஜ்